அடித்தால்தான் கொடுமையா? வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களுக்கு நடக்கும் தீங்கை அடையாளம் காண்பது எப்படி

ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, டவுன் சிண்ட்ரோம், மூளை முடக்குவாதம் என்று பிறவியிலோ சிறுவயதிலோ வந்த குறைபாட்டோடு வாழ்பவர்களை வீட்டில் எப்படிப் பார்த்துக்கொள்கிறார்கள் என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "நல்லாத்தான் பாத்துக்கறாங்க, கை நீட்டி அடிக்கவெல்லாம் மாட்டாங்க." என்னமோ அடிக்காமல் இருப்பதே பெரிய சலுகை மாதிரி. காப்பகத்தைப் பற்றிக் கேட்டாலும் இதே பதில்தான், சிறப்புப் பள்ளியைப் பற்றிக் கேட்டாலும் இதே பதில்தான். அடி, சூடு, ரத்தம் இருந்தால்தான் கொடுமை என்று நினைத்துக்கொண்டிருப்பதால், கண்ணெதிரே நடக்கும் பாதி விஷயம் நம் கணக்கிலேயே வருவதில்லை.

பெற்றோர், கூடப் பிறந்தவர்கள், சிறப்பாசிரியர்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள் என்று யாராக இருந்தாலும் எதைக் கொடுமை என்பது, எதைப் புறக்கணிப்பு என்பது, சந்தேகம் வந்தால் அடுத்து என்ன செய்வது என்று தெரிந்திருக்க வேண்டும். சட்டம் சொல்வதையும் சொல்கிறேன், ஆனால் சட்டத்தில் தொடங்கப் போவதில்லை.

முதலில் இரண்டு கேள்விகள்

ஒன்று: இதே வயதில், குறைபாடு இல்லாத ஒருவருக்கு இதைச் செய்தால் ஒத்துக்கொள்வோமா? 24 வயதுப் பெண்ணை வீட்டு முற்றத்தில், போகிறவர் வருகிறவர் பார்க்கக் குளிப்பாட்டுகிறார்கள். அவளுடைய தங்கைக்கு அப்படிச் செய்தால் தெருவே திரண்டு வந்து கேட்கும். அவளுக்கு மட்டும் "அதுக்கு என்ன தெரியும், குழந்தை மாதிரி" என்று முடித்துவிடுகிறார்கள். முப்பது வயது ஆளைக் கதவைப் பூட்டி வைத்துவிட்டுக் கல்யாணத்துக்குப் போவது, விருந்தாளி வந்தால் பின்கட்டுக்கு அனுப்புவது, சொந்தக்காரப் பிள்ளைகள் அவன் பேச்சைப் போல நடித்துக்காட்டிச் சிரிப்பதைப் பெரியவர்களும் சேர்ந்து ரசிப்பது, எல்லாம் இந்தக் கேள்வியில் மாட்டும்.

இரண்டாவது கேள்வி புறக்கணிப்புக்கானது: இவருக்கு என்ன தேவை, அதில் எது கிடைக்கவில்லை? புறக்கணிப்புக்கு எல்லோருக்கும் பொதுவான அளவு கிடையாது. மூளை முடக்குவாதம் உள்ள ஒருவர் முன்னால் மற்றவர்களுக்கு வைக்கும் அதே தட்டை, அதே சோற்றோடு வைக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவரால் கையை வாய்வரை கொண்டுபோக முடியாது. அரை மணி நேரம் கழித்து வந்து, "இன்னைக்கும் சாப்பிடல, பிடிவாதம்" என்று தட்டை எடுத்துக்கொண்டு போகிறார்கள். கணக்குப்படி மூன்று வேளையும் சாப்பாடு கொடுத்தாயிற்று, ஆள் மட்டும் மெலிந்துகொண்டே போகிறார். இது புறக்கணிப்பு. நிமிர்த்தி உட்கார வைக்காமல், படுத்த வாக்கிலேயே வாயில் கஞ்சியை ஊற்றுவதும் அப்படித்தான், அது நுரையீரலுக்குள் போய் நிமோனியா வரலாம். வலிப்பு மாத்திரையை "தீர்ந்து போச்சு, திங்கட்கிழமை வாங்கிக்கலாம்" என்று நிறுத்துவதும் இதே வகைதான், திடீரென்று நிறுத்தினால் வலிப்பு அடுத்தடுத்து வந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

செய்தவருக்குக் கெட்ட எண்ணம் இருந்ததா என்று நான் இங்கே கேட்கவே இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். எண்ணம் எப்படி இருந்தாலும் படுக்கைப் புண் படுக்கைப் புண்தான். அவரை என்ன செய்வது என்று முடிவு செய்யும்போதுதான் எண்ணம் முக்கியம், நடப்பது என்ன என்று பெயர் வைக்கும்போது இல்லை.

கண்ணில் படாத வகைகள்

அடி, உதை, சூடு போடுவது எல்லோருக்கும் தெரிந்தது, அதை விட்டுவிடுகிறேன். மற்றவைதான் நமக்குத் தெரிய வேண்டும்.

கட்டிவைப்பது. சங்கிலி என்றால் எல்லோரும் பதறுவோம். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநலக் காப்பகம் ஒன்று தீப்பிடித்தபோது சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் ஓட முடியாமல் எரிந்து, 28 பேர் இறந்துபோனது இன்னும் நினைவில் இருக்கிறது (அவர்கள் மனநோய்க்கு ஆளானவர்கள், வளர்ச்சிக் குறைபாடு வேறு, ஆனால் பூட்டும் சங்கிலியும் இரண்டுக்கும் ஒன்றுதான்). துப்பட்டாவால் கட்டில் காலோடு கட்டுவதும், சக்கர நாற்காலியின் பிரேக்கைக் கைக்கெட்டாதபடி பூட்டிவிட்டுச் சுவரைப் பார்த்துத் திருப்பி வைப்பதும் அதே வேலைதான். வண்டியில் போகும்போது பாதுகாப்புக்காகப் போடும் பெல்ட் வேறு. மற்றவர்களின் வசதிக்காக மணிக்கணக்கில் கட்டுவது வேறு.

மருந்தால் கட்டுவது இன்னும் மோசம், ஏனென்றால் வெளியே தெரியாது. சத்தம் போடாமல் தூங்கட்டும் என்று இருமல் மருந்தைக் கொடுப்பது, மருத்துவர் எழுதிய அளவைத் தாண்டி மாத்திரையைக் கூட்டுவது, ஒருவருக்கு எழுதிக் கொடுத்ததை இன்னொருவருக்குக் கொடுப்பது. ஒரு காப்பகத்தில் பகல் பதினொரு மணிக்கு எல்லோருமே சொக்கிக்கொண்டிருந்தால் அது நிம்மதியான இடம் என்று நினைத்துவிடாதீர்கள்.

பேச்சைப் பிடுங்குவது. பேச்சு வராத பிள்ளை படங்களைத் தொட்டுக் காட்டித்தான் தண்ணீர் கேட்கும், வலி என்று சொல்லும், வேண்டாம் என்று சொல்லும். அந்தப் பட அட்டையை, டேப்லெட்டை, "எந்நேரமும் தொந்தரவு" என்று பீரோ மேலே தூக்கி வைத்துவிட்டால் வாயைத் துணியால் கட்டியதற்கும் அதற்கும் என்ன வித்தியாசம்? காது கேட்கும் கருவி, கண்ணாடி, வாக்கர் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். தண்டனையாக இவற்றைப் பிடுங்கிவைக்கும் பழக்கம் சில வகுப்பறைகளிலும் உண்டு.

பணம். அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்குத் தமிழக அரசு கொடுக்கும் பராமரிப்பு உதவித்தொகை 2023 ஜனவரி முதல் மாதம் 2,000 ரூபாய். ஏடிஎம் கார்டு அண்ணன் கையில், உதவித்தொகை யாருக்குச் செலவாகிறது என்று யாரும் கேட்பதில்லை, சம்பந்தப்பட்டவர் போட்டிருக்கும் சட்டைக்குப் பொத்தான் இல்லை. பாகப்பிரிவினைப் பத்திரத்தில் கைநாட்டு வாங்குவது இதைவிடப் பெரிய வகை.

அப்புறம், உடம்பு. 1994-ல் மகாராஷ்டிராவில் ஷிரூர் அரசு இல்லத்தில் இருந்த அறிவுசார் குறைபாடுள்ள பெண்களுக்குப் புணேயில் கருப்பையை எடுத்தார்கள். மாதவிடாய் நாட்களைச் சமாளிக்க முடியவில்லை என்பதுதான் சொல்லப்பட்ட காரணம். இன்றும் நம்மூர்ப் பெற்றோர் அதே காரணத்தோடு மருத்துவரிடம் போகிறார்கள். அவர்கள் பயம் எனக்குப் புரிகிறது, ஆனால் கருப்பையை எடுத்தால் கர்ப்பம்தான் வராது, பலாத்காரம் நிற்காது. சொல்லப்போனால் தடயம் இல்லாமல் போவது செய்பவனுக்குத்தான் வசதி. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016-ன் 10-ம் பிரிவு, சம்பந்தப்பட்டவரே தெரிந்து மனமுவந்து ஒப்புக்கொள்ளாமல் மலட்டுத்தன்மை உண்டாக்கும் எந்தச் சிகிச்சையும் செய்யக்கூடாது என்கிறது. சண்டிகர் அரசு இல்லத்தில் பாலியல் வன்முறைக்கு ஆளாகிக் கர்ப்பமான பெண்ணின் வழக்கில், அவள் சம்மதம் இல்லாமல் கருவைக் கலைக்க முடியாது என்று 2009-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

சட்டம் எதைச் சொல்கிறது, எங்கே நிறுத்திக்கொள்கிறது

இரண்டு பட்டியல்கள் கைவசம் இருக்கட்டும். முதலாவது, 1999-ம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ் 2000-ல் வந்த விதிகள். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கும் உரிய சட்டம் இது. ஒரு பாதுகாவலர் எதையெல்லாம் செய்தால், எதையெல்லாம் செய்யாமல் விட்டால் கொடுமை அல்லது புறக்கணிப்பு ஆகும் என்று அந்த விதிகள் வரிசையாகச் சொல்கின்றன: நெடுநேரம் தனியறையில் அடைப்பது, சங்கிலியிடுவது, காயம் படும்படி அடிப்பது (தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்வதால் வந்தது இதில் சேராது), பாலியல் தொல்லை, உணவும் தண்ணீரும் துணியும் நெடுநாள் மறுப்பது, நிபுணர்கள் சொன்ன பயிற்சியைக் கொடுக்காமல் விடுவது, சொத்தைச் சுருட்டுவது, பயிற்சி பெற்ற ஆட்கள் போதுமான அளவில் இல்லாமல் வைத்திருப்பது. சட்டப்படி நியமிக்கப்பட்ட பாதுகாவலரை நீக்குவதற்காக எழுதிய பட்டியல் இது. ஆனாலும் காப்பகத்தையோ பள்ளியையோ பார்க்கப் போகும்போது மனதில் வைத்துக்கொள்ள இதைவிட நல்ல பட்டியல் எனக்குத் தெரியவில்லை. பயிற்சி கொடுக்காமல் விடுவதும், ஆள் இல்லாமல் நடத்துவதும் இதில் இருக்கிறது பாருங்கள், அதை நம்மில் பலர் "வசதி குறைவு" என்று சொல்லிக் கடந்துபோயிருப்போம்.

இரண்டாவது, 2016 சட்டத்தின் 92-ம் பிரிவு. இது குற்றங்களின் பட்டியல், 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. பொது இடத்தில் வேண்டுமென்றே இழிவுபடுத்துவது, மிரட்டுவது, தன் பொறுப்பில் இருப்பவருக்குத் தெரிந்தே சாப்பாடோ தண்ணீரோ மறுப்பது, உதவிக் கருவியைச் சேதப்படுத்துவது அல்லது பயன்படுத்த விடாமல் செய்வது, தன் கட்டுப்பாட்டில் இருக்கும் குழந்தையையோ பெண்ணையோ பாலியல் ரீதியாகப் பயன்படுத்திக்கொள்வது எல்லாம் இதில் வரும். பீரோ மேலே போன பட அட்டைக்கும் இங்கே இடம் இருக்கிறது.

ஓட்டை எங்கே என்றால், இழிவுபடுத்தும் குற்றத்துக்குப் பொதுப் பார்வையில் நடந்திருக்க வேண்டும் என்கிறது சட்டம். நாலு சுவருக்குள் தினமும் "சனியனே, செத்துத் தொலை" என்று கேட்டுக்கொண்டே வளரும் பிள்ளை அதற்குள் வராது. சட்டத்தில் இடமில்லாததால் அது கொடுமை இல்லை என்று ஆகிவிடாது, தலையிடும் வழிதான் வேறு.

இன்னொரு குழப்பம். கட்டிவைப்பதைப் பற்றிப் பேசினாலே மனநலச் சட்டம், 2017-ஐ மேற்கோள் காட்டுவார்கள். அந்தச் சட்டம் சொல்லும் மனநோய் என்ற வரையறைக்குள் அறிவுசார் குறைபாடு வராது. புகாரில் அதை மட்டும் நம்பி எழுதினால் எதிர்த் தரப்பு அதையே பிடித்துக்கொள்ளும்.

"அவன் அப்படித்தான்" என்று சொல்வதற்கு முன்னால்

பெரிய எதிரி இந்த ஒரு வாக்கியம்தான். தலையை முட்டிக்கொள்கிறானா, ஆட்டிசம் அப்படித்தான். சாப்பிட மாட்டேன் என்கிறாளா, அவள் அப்படித்தான். ஒவ்வொரு மாற்றத்தையும் குறைபாட்டின் தலையில் போட்டுவிட்டால் அப்புறம் எதுவுமே அறிகுறி ஆகாது.

அதனால் பொதுவான அறிகுறிப் பட்டியலோடு ஒப்பிடாதீர்கள், அவரோடு அவரையே ஒப்பிடுங்கள். போன மாதம் வரை பள்ளி வேன் ஹார்ன் கேட்டால் வாசலுக்கு ஓடிய பையன் இப்போது கட்டிலுக்கடியில் போகிறான் என்றால் அது செய்தி. கழிப்பறைப் பழக்கம் வந்த பிறகு மறுபடி படுக்கையை நனைப்பது, குறிப்பிட்ட ஒரு ஆள் வந்தால் மட்டும் உறைந்துபோவது, துணி மாற்றும்போது புதிதாகத் திமிறுவது, பொம்மையை வைத்து வயதுக்குப் பொருந்தாத பாலியல் செய்கைகளைச் செய்துகாட்டுவது, காப்பகத்திலிருந்து விடுமுறைக்கு வந்தவர் தட்டைக் கையால் மறைத்துக்கொண்டு அவசர அவசரமாக விழுங்குவது, எல்லாமே கேள்வி கேட்க வேண்டிய மாற்றங்கள்.

மாற்றம் என்றாலே கொடுமை என்றும் இல்லை. சொத்தைப் பல், காதுவலி, மலச்சிக்கல், இந்த மூன்றும் பேச்சு வராதவர்களைத் தலையில் அடித்துக்கொள்ள வைக்கும். மருத்துவரிடம் காட்டி இவற்றைப் பார்த்துவிடுங்கள். ஆனால் மூன்று மாதமாகச் சொத்தைப் பல்லோடு துடித்தவரை யாரும் பல் மருத்துவரிடம் கூட்டிப் போகவில்லை என்றால், காரணம் தெரிந்தது சரி, கூடவே புறக்கணிப்பும் தெரிந்துவிட்டது.

காயத்தைப் பார்க்கும்போது இடத்தைப் பாருங்கள். விழுந்தால் முழங்கால், முழங்கை, நெற்றி, முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் என்று எலும்பு துருத்தும் இடங்களில்தான் அடிபடும். காது, கழுத்து, முதுகு, உள்தொடை, மேல்கையின் உள்பக்கம் போன்ற இடங்களில் கன்றிப்போயிருந்தால் "விழுந்துட்டான்" என்ற பதில் போதாது. தன்னைத்தானே கடித்துக்கொள்பவருக்குத் தழும்பு புறங்கையில் இருக்கும், தோள்பட்டைக்குப் பின்னால் அவரால் கடித்துக்கொள்ள முடியாது. மணிக்கட்டையும் கணுக்காலையும் சுற்றி வளையம்போலத் தழும்பு இருந்தால் அது கயிறு. மாவுக்கட்டு போட்ட கதை ஆளுக்கு ஆள், நாளுக்கு நாள் மாறினால் அதையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கேட்பதும் எழுதுவதும்

சந்தேகம் வந்தவுடன் "அந்த டிரைவர் அண்ணா உன்னைத் தொட்டாரா?" என்று கேட்டுவிடாதீர்கள். அறிவுசார் குறைபாடுள்ள பலர் எதிரே இருப்பவரைச் சந்தோஷப்படுத்த எல்லாவற்றுக்கும் ஆமாம் சொல்வார்கள், நாளைக்கு நீதிமன்றத்தில் நீங்கள் சொல்லிக்கொடுத்ததாகவே ஆகும். "இன்னைக்கு வேன்ல என்ன நடந்துச்சு?" என்று கேளுங்கள், பொறுமையாகக் காத்திருங்கள். சொன்னதைத் திருத்தாமல் அவர் வார்த்தையிலேயே, சைகை என்றால் சைகையை அப்படியே எழுதுங்கள். திரும்பத் திரும்பச் சொல்ல வைக்காதீர்கள்.

குறிப்பு எப்படி இருக்க வேண்டும் என்றால்: "செவ்வாய் மாலை 5 மணி. இடது மேல்கை உள்பக்கம் நாலு வரி, விரல் பட்ட மாதிரி, சிவப்பு. காலையில் குளிக்கும்போது இல்லை. கேட்டதும் கையை மறைத்தான், 'ஆயா... இருட்டு' என்று இரண்டு முறை சொன்னான்." அவ்வளவுதான். "ஆயா இருட்டறையில் பூட்டி அடித்திருக்கிறாள்" என்று நீங்களாக முடிவை எழுதாதீர்கள். காயத்தைத் தேதி தெரியும்படி படம் எடுங்கள், அந்தரங்க உறுப்பைப் படம் எடுக்கவே கூடாது. பாலியல் சந்தேகம் என்றால் குளிப்பாட்டாமல், துணியைத் துவைக்காமல், காகிதப் பையில் போட்டு வையுங்கள், பிளாஸ்டிக் வேண்டாம். அரசு மருத்துவமனையோ தனியாரோ, பாலியல் வன்முறைக்கு ஆளானவருக்கு உடனே இலவசமாகச் சிகிச்சை கொடுக்க வேண்டும், எஃப்ஐஆர் கொண்டு வா என்று திருப்பி அனுப்பக் கூடாது.

எங்கே போவது

உயிருக்கு ஆபத்து என்றால் 112. பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர் என்றால் 1098, பெண் என்றால் 181.

பாலியல் குற்றத்தில் வயதுதான் முதல் கேள்வி. 18-க்குக் கீழே என்றால் போக்சோ (குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம்), அதில் தெரிந்தும் சொல்லாமல் இருப்பதே குற்றம், பள்ளியின் பெயர் கெடும் என்று மூடி மறைக்கும் நிர்வாகிக்கும் தண்டனை உண்டு. இங்கே "மன வயது" (அறிவு எந்த வயதுக் குழந்தையளவு என்ற கணக்கு) செல்லாது. மூளை முடக்குவாதம் உள்ள 38 வயதுப் பெண்ணின் வழக்கில், போக்சோவில் வயது என்றால் பிறந்த தேதிப்படி உள்ள வயதுதான் என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பெரியவர் என்றால் பாரதிய நியாய சன்ஹிதா (பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது). அதன்படி குறைபாடுள்ள பெண்ணைப் பலாத்காரம் செய்தால் குறைந்தது 10 ஆண்டு. இத்தகைய புகாரை அவர் வீட்டிலோ அவருக்கு வசதியான இடத்திலோ வந்து, சிறப்பாசிரியரையோ மொழிபெயர்ப்பாளரையோ வைத்துக்கொண்டு, வீடியோவில் பதிவு செய்ய வேண்டியது காவல்துறையின் கடமை. ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார வைத்தால் இதைச் சொல்லிக் கேளுங்கள். "இவங்க சாட்சி எடுபடாது சார்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கேள்வியைப் புரிந்துகொண்டு ஏதாவது ஒரு வழியில் பதில் சொல்ல முடிந்தால் சாட்சிதான்.

மற்ற கொடுமைகளுக்குப் பலருக்குத் தெரியாத வழி ஒன்று இருக்கிறது. 2016 சட்டத்தின் 7-ம் பிரிவின்படி, கொடுமை நடந்தது, நடக்கிறது, நடக்கப் போகிறது என்று நம்பக் காரணம் இருந்தால் யார் வேண்டுமானாலும் நிர்வாக நடுவரிடம், அதாவது நம்மூரில் வட்டாட்சியரிடமோ கோட்டாட்சியரிடமோ சொல்லலாம். சொந்தக்காரராக இருக்க வேண்டியதில்லை. அந்த நடுவர் மீட்க உத்தரவிடலாம், சம்பந்தப்பட்டவர் விரும்பினால் பாதுகாப்பான இடத்தில் வைக்கலாம், பராமரிப்புச் செலவும் கொடுக்கச் சொல்லலாம். மனுவில் பிரிவு எண்ணை எழுதிவிடுங்கள், நகலை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலருக்கும் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்காமல் நகராதீர்கள். பாதுகாவலரே தவறு செய்கிறார் என்றால் மாவட்ட ஆட்சியர் தலைமையில் இருக்கும் உள்ளூர் அளவிலான குழுவிடம் போங்கள், விசாரித்து அவரை நீக்கும் அதிகாரம் அதற்கு உண்டு. வக்கீலுக்குக் காசில்லை என்று நிற்க வேண்டாம், மாற்றுத்திறனாளிக்கு வருமான வரம்பே இல்லாமல் இலவசச் சட்ட உதவி உண்டு, எண் 15100.

தளர்ந்துபோன அம்மாவை என்ன செய்வது

இருபத்தைந்து வயது மகனைத் தூக்கிக் குளிப்பாட்டி முதுகு ஒடிந்த அறுபது வயது அம்மா, ஒரு நாள் கடைக்குப் போக அவனைக் கட்டிப்போட்டுவிட்டுப் போகிறார். பெயர் வைப்பதில் எனக்குத் தயக்கம் இல்லை, அது கட்டிவைப்புதான். ஆனால் அங்கே முதலில் போலீஸைக் கூப்பிடுபவரோடு எனக்கு உடன்பாடில்லை. அந்த அம்மாவுக்கு இரண்டு மணி நேரம் ஆள் வேண்டும், உதவித்தொகை விண்ணப்பம் எழுதித் தர ஒருவர் வேண்டும், பகல்நேர மையம் எங்கே என்று சொல்ல ஒருவர் வேண்டும். மேலே சொன்ன 1999 சட்டத்தின்படி அமைந்த மத்திய அரசு அமைப்பான தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீட்டில் ஒரு லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவு கிடைக்கும், பகல்நேர மையத்துக்கும் தற்காலிகத் தங்கலுக்கும் அந்த அறக்கட்டளையிலேயே தனித் திட்டங்கள் உண்டு. இவ்வளவும் ஏற்பாடு செய்துகொடுத்த பிறகும் கட்டு அவிழவில்லை என்றால் அப்போது வட்டாட்சியர்.

காப்பகத்தில் விடுவதற்கு முன்

பதிவு இல்லாமல் மாற்றுத்திறனாளிகளுக்கான இல்லம் நடத்தக் கூடாது என்கிறது 2016 சட்டம், அதனால் பதிவுச் சான்றிதழைக் கேளுங்கள், அதில் தேதி முடிந்திருக்கிறதா என்று பாருங்கள். பார்வையாளர் நேரத்தில் மட்டும் போகாமல் சாயங்காலம் ஆறரைக்கும் ஒருமுறை போய்ப் பாருங்கள். வரவேற்பறையை விட்டுவிட்டுக் கழிப்பறைக்குப் போங்கள், தாழ்ப்பாள் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள். எல்லோர் தலையும் மொட்டையா, எல்லோருக்கும் ஒரே நைட்டியா, அவரவர் சோப்பும் துண்டும் தனியாக இருக்கிறதா, ராத்திரி எத்தனை பேருக்கு ஒரு ஆள், மருந்துப் பதிவேடு யார் கையில். பெண்கள் பகுதியில் இரவுப் பணிக்கு யார் வருகிறார்கள் என்று நேராகவே கேளுங்கள். "முதல் மூணு மாசம் பார்க்க வராதீங்க, செட் ஆகட்டும்" என்று சொன்னால் பையை எடுத்துக்கொண்டு அவரோடேயே திரும்பி வந்துவிடுங்கள்.